இரண்டு கோடைக்குப் பிறகு: ஒரு விராலி நாற்றுப்பண்ணையின் கணக்கு

2023 சித்திரையில் கையில் பணத்தோடும் வாடகைக்குப் பிடித்த சரக்கு ஆட்டோவோடும் போய் நின்ற என்னை, வேலிக்கு நடும் விராலிச் செடியில் ஒரு கன்றுகூடத் தராமல் திருப்பி அனுப்பிய நாற்றுப்பண்ணையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். "இப்பக் கொண்டுபோய் வச்சீகன்னா பத்து நாள்ல சுருண்டுரும் தம்பி. அப்புறம் அந்தக்கா குடுத்த கன்னு சரியில்லைன்னுதான் ஊருக்குள்ள பேச்சு வரும். ஐப்பசியில ரெண்டு மழை விழுகட்டும், அப்ப வாங்க" என்று அதை நடத்தும் அம்மையார் சொன்னபோது, ஆட்டோ வாடகை வீணான எரிச்சலே எனக்கு மிஞ்சியது. விற்பதற்காகவே வளர்த்து அடுக்கி வைத்திருக்கும் சரக்கை, வாங்க வந்தவனிடமே விற்க மாட்டேன் என்று சொல்லும் கடையை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஐப்பசியில் மீண்டும் போனேன், வாங்கினேன், நட்டேன், 2024, 2025 என்று இரண்டு கோடைகளை அந்தச் செடிகள் கடந்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். செடி வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் பாராட்டுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தக் கன்றும் வாங்கிய வாரத்தில் பச்சையாகத்தான் இருக்கும்.

பண்ணை, ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏர்வாடி விலக்கைத் தாண்டிச் சாயல்குடி நோக்கி வரும் வழியில், சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு பனங்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, டீக்கடையில் கேட்டால் வழி சொல்வார்கள். ஏறத்தாழ 20 சென்ட் இடம், அதில் பாதிக்குப் பனையோலைப் பந்தல், மறுபாதி வெட்டவெளி. ரோஜாவும் குரோட்டன்ஸும் வாங்கலாம் என்று போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். விராலி, உகாய், சங்கஞ்செடி, புன்னை, பூவரசு, வேம்பு என்று இந்தக் கரையின் உப்புக்காற்றுக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கிறவை மட்டுமே அங்கே உண்டு. அம்மையாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் அக்கா என்றே அழைக்கிறேன். பைக்கு மண் நிரப்புவது, கன்றுகளை ஏற்றி இறக்குவது, கைப்பேசியில் பணம் வாங்குவது எல்லாம் அவருடைய மருமகன் பொறுப்பு. நான் வாங்கி நட்டது விராலி மட்டும் என்பதால் மற்றச் செடிகளின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை.

எனக்கு வாலிநோக்கம் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், 60 சென்ட் மணற்பாங்கான நிலம் இருக்கிறது. மேற்கும் தெற்கும் தடுப்பே இல்லாத திறந்த வெளி. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும்போது முருங்கை முறிந்து விழும், கத்தரிச் செடியின் இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோகும். எங்கள் பக்கத்து வழக்கப்படி பனைமட்டை வேலிதான் முதலில் கட்டினேன். புது வேலி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கரையான் அடியிலிருந்து ஏறிவிடும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்ட வேண்டும், மட்டை வெட்டிக் கொடுக்கப் பனையேறிகளும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. சீமைக் கருவேல் முள்ளை வெட்டி அடைத்துப் பார்த்தேன். அதிலிருந்து உதிர்ந்த நெற்றுகள் வேலிக்கு உள்பக்கமே முளைத்து, எதைத் தடுக்க வேலி போட்டேனோ அதைவிடப் பெரிய தொல்லையாகி நின்றன. கடைசியில்தான் உயிர்வேலி என்ற முடிவுக்கு வந்தேன்.

உயிர்வேலிக்கு விராலியைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் ஆடு. இந்தச் செடியின் இலையில் பிசின் பூசியதுபோல ஒரு மினுமினுப்பு உண்டு. கசக்கினால் விரலில் ஒட்டும், வாயில் வைத்தால் கசக்கும். அந்தப் பூச்சு வெயிலில் இலையின் ஈரம் வெளியேறுவதைக் குறைக்கிறது. அதே பூச்சுதான் ஆட்டையும் மாட்டையும் அண்டவிடாமல் செய்கிறது. கோடையில் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்காது; ஆண்டு முழுவதும் பச்சைதான். பொதுவாக 2 முதல் 4 மீட்டர் வரை வளரும், அடியிலிருந்தே கிளைக்கும், வேலிக்கு வேண்டிய அடர்த்தி அதனால் கிடைக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலைக்கு அந்தப் பெயர் வந்ததே மலையைச் சுற்றி மண்டிக்கிடந்த இந்தச் செடியால்தான் என்பார்கள். தாவரவியலார் இதற்கு டோடோனியா விஸ்கோசா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரின் முன்பாதி, 16ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வாழ்ந்த ரெம்பர்ட் டோடோன்ஸ் என்ற மூலிகை அறிஞரை நினைவுகூர்வது, பின்பாதிக்குப் பிசுபிசுப்பானது என்று பொருள். பூந்திக்கொட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர்கள் இதன் காயைப் பீரில் கசப்புக்காகச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் இலையை வதக்கிச் சுளுக்குக்கு வைத்துக் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஐப்பசியில் நான் வாங்கியவை நான்கு வகை. விதையிலிருந்து வளர்த்த ஐந்து மாதச் சிறு கன்றுகள் 60, ஒன்று 15 ரூபாய். ஒன்றரை வயதான, இடுப்பளவு உயரமுள்ள பெரிய கன்றுகள் 12, ஒன்று 90 ரூபாய். கிளையை வெட்டி வேர்விட வைத்த போத்துக் கன்றுகள் 10, ஒன்று 40 ரூபாய். இவற்றோடு 30 ரூபாய்க்கு ஒரு விதைப் பொட்டலம். மொத்தம் 2,410 ரூபாய். விலைப்பட்டியல் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, ரசீதும் தரவில்லை. ஆனாலும் சித்திரையில் விசாரித்தபோது சொன்ன விலைக்கும் ஐப்பசியில் கேட்ட விலைக்கும் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை.

சிறு கன்றுகளை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சாண் உயரம்தான். தண்டு விறைப்பாக, இலை சிறுத்து, நிறம் சற்று மங்கி இருந்தன. ராமநாதபுரத்தில் சாலையோரக் கடைகளில் பளபளவென்று தழைத்து நிற்கும் கன்றுகளோடு ஒப்பிட்டால் இவை பட்டினி கிடந்த பிள்ளைகள் போலத் தெரிந்தன. பட்டினி என்பது கிட்டத்தட்ட உண்மைதான். பைக்குள் இருந்த மண்ணில் பாதிக்கு மேல் ஆற்றுமணல், மீதியில் செம்மண்ணும் கொஞ்சம் மக்கிய ஆட்டுப்புழுக்கையும். உரம் அதிகம் போட்டால் செடி வேரை மறந்து இலையை வளர்க்கும் என்பது அக்காவின் கருத்து. முதல் இரண்டு மாதம் பந்தல் நிழல், அதற்குப் பிறகு வெட்டவெளி. தண்ணீர் முதலில் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள், கடைசி மாதத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை. அந்தக் கடைசி மாதத் தண்ணீரும் தொட்டியில் பிடித்து வைத்த நல்ல தண்ணீர் அல்ல, தோட்டத்துக் கிணற்றின் உவர்த்தண்ணீர். "எங்க கிணத்துத் தண்ணியக் குடிச்சுப் பழகினதுதான் உங்க கிணத்துத் தண்ணிக்கும் தாங்கும்" என்றார். பை அகலம் குறைந்து உயரம் கூடியது என்பதால் வேர் பக்கவாட்டில் சுற்றாமல் நேராகக் கீழே இறங்கியிருந்தது. நடும்போது பையைக் கிழித்துப் பார்த்த ஒவ்வொன்றிலும் இதைக் கவனித்தேன்.

60இல் 54 இன்று உயிரோடு இருக்கின்றன. இரண்டரை அடி இடைவெளியில் மேற்கு எல்லை முழுவதும், ஏறத்தாழ 150 அடி நீளத்துக்கு, ஐந்து ஆறு அடி உயரத்தில் நிற்கின்றன. நட்ட மாதம் வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றினேன். மழை நின்ற பிறகு வாரம் ஒருமுறை. 2024 கோடையில் பத்து நாளைக்கு ஒரு செம்பு. 2025 கோடையில் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. குழியில் நான் போட்டதெல்லாம் இரண்டு கை கண்மாய் வண்டலும், மேலே மூடாக்காகப் பழைய பனையோலையும்தான். முழங்கால் உயரம் வந்ததும் ஒவ்வொன்றின் நுனியையும் கிள்ளிவிடச் சொன்னார்; மனம் வராமல் பாதியை மட்டும் கிள்ளினேன். கிள்ளிய பாதி இன்று அடியிலிருந்து புதராக அடைத்து நிற்கிறது. கிள்ளாத பாதியில் ஒரு நாய் நிமிர்ந்து நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது.

பெரிய கன்றுகளைப் பற்றிச் சொல்லும்போது பண்ணையின் குறையும் என் பிடிவாதமும் சேர்ந்தே வரும். வேலி சீக்கிரம் எழும்ப வேண்டும் என்ற ஆசையில் அவற்றைக் கேட்டேன். "சின்னதே எடுங்க தம்பி, ரெண்டு வருசத்துல அது இதைத் தாண்டிரும்" என்று அவர் சொல்லத்தான் செய்தார். ஆனால் அப்படிப்பட்ட கன்றை ஏன் விற்பனைக்கு வைத்திருக்கிறார் என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லை. அவை உண்மையில் முந்தைய ஆண்டு விற்காமல் தேங்கிப்போனவை. ஒரு முறை பெரிய பைக்கு மாற்றியிருந்தாலும், பழைய பையின் அடியில் வளையமாகச் சுற்றியிருந்த வேரை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். மேலே நான்கடிச் செடி, கீழே முறுக்கிய கயிறு. அப்படிச் சுற்றிய வேர் மண்ணுக்குள் விரிந்து போகாது. மணலில் பிடிமானம் கிடைக்காது. 2024 ஆடிக் காற்றில் மூன்று கன்றுகள் அடியோடு சாய்ந்தன, பிடுங்கிப் பார்த்தபோது வேர் பை வடிவத்திலேயே இருந்தது. இதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மறுப்புச் சொல்லவில்லை, மூன்றுக்கும் பதிலாக ஆறு சிறு கன்றுகள் தந்தார். ஆனால் அடுத்த முறை போனபோதும் பெரிய பைகளின் வரிசை அதே இடத்தில்தான் இருந்தது.

வேறு நான்கு பெரிய கன்றுகள் செத்ததற்குப் பண்ணையைக் குறை சொல்ல முடியாது. என் நிலத்தின் தென்மேற்கு மூலை தாழ்வானது, உப்பளத்துப் பக்கம் சரிந்தது, கோடையில் மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நிலத்தைப் பற்றி விவரமாகக் கேட்டுவிட்டு, அந்த மூலையில் விராலி வேண்டாம், உகாய் வையுங்கள் என்று அக்கா தெளிவாகச் சொன்னார். விராலி கடற்காற்றின் உப்பைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், மணலைத் தாங்கும்; ஆனால் காலடியில் தண்ணீர் நிற்பதை மட்டும் தாங்காது. உவர் நிலத்துக்கு உகாய்தான் சரி. அதுவும் பசுமை மாறாத செடிதான், வேரும் குச்சியும் பல் துலக்க உதவுவன, சங்கப் பாட்டில் மிளகுபோலக் காரமான காய் என்று பேசப்படுவது. ஒரே வேலியில் இரண்டு செடி வேண்டாம், பார்க்க ஒழுங்காக இராது என்று நினைத்து நான் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ராமநாதபுரத்தில் ஒரு முழு ஆண்டுக்குப் பெய்வதே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த மழையின் அளவு புரியும். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லையென்றாலும், மூலையில் தேங்கிய தண்ணீர் வடிய எட்டு நாள் ஆயிற்று. பொங்கலுக்குள் நான்கு கன்றுகளும் இலை கருத்து நின்றன. அந்த இடத்தில் இப்போது உகாய் இருக்கிறது.

ஆக 12இல் மிஞ்சியது 5. அவையும் இன்று நாலரை அடியைத் தாண்டவில்லை, பக்கத்தில் நிற்கும் சிறு கன்றுகளை இப்போது அண்ணாந்து பார்க்கின்றன. பிழைத்த செடிக்குக் கணக்குப் போட்டால் சிறு கன்று ஒன்று 17 ரூபாய்க்குள் முடிந்திருக்கிறது. பெரிய கன்று ஒன்றுக்கு 216 ரூபாய் விழுந்திருக்கிறது.

போத்துக் கன்றுகளை நான் வாங்கியதற்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. விராலியில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூவில் இதழ் கிடையாது, காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகும், பூத்ததே பலருக்குத் தெரியாது. ஆனால் பெண் செடியில் காய் பிடித்துவிட்டால், காகிதம்போன்ற இரண்டு மூன்று இறகுகளோடு பச்சையாகத் தொடங்கி, செம்மை ஏறி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு மாறிக் கொத்துக் கொத்தாகத் தொங்குவது பார்க்க மிக அழகு. விதையிலிருந்து வந்த கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. பெண் செடியின் கிளையை வெட்டி வேர்விட வைத்தால் அதுவும் பெண்ணாகத்தான் இருக்கும். வாசல் பக்கம் காய்க்கும் செடியாக வேண்டும் என்று பத்து வாங்கினேன். நான்கு பிழைத்தன, அந்த நான்கில் மூன்று காய்த்தன, ஒன்று ஆண். எந்தத் தாய்ச்செடியிலிருந்து எடுத்த போத்து என்று பையில் எழுதி வைக்கும் பழக்கம் இல்லாததால் வந்த குழப்பம் அது. ஒரு பட்டைக் காகிதமும் பேனாவும் இருந்தால் தீர்ந்துவிடும் சிக்கலுக்கு, 40 ரூபாய் வாங்கும் கடையில் இடம் இருக்கக் கூடாது.

போத்துகள் செத்ததற்கு வேறு காரணம். முற்றியும் முற்றாமலும் இருக்கும் கிளையில் ஆறு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை உருவி, மணலில் நட்டு, நிழலிலும் ஈரக்காற்றிலும் வைத்திருந்தால் ஏழெட்டு வாரத்தில் வேர் வரும்; வேர்விடத் தூண்டும் பொடியைத் தொட்டு வைத்தால் கூடுதல் பலன். வேர் வந்த பிறகு வெயிலுக்கு மெல்ல மெல்லப் பழக்க வேண்டிய காலம் அதற்கு இணையாக நீளமானது. எனக்குத் தந்தவை பந்தலுக்குள்ளிருந்து நேராக எடுத்தவை. வேரும் நாலாபக்கம் மெல்லிசாகப் போயிருந்ததே தவிர, விதைக் கன்றைப்போலக் கீழே இறங்கும் ஆணிவேர் இல்லை. மணல் நிலத்தில், மேல் ஒரு சாண் மண் பங்குனியிலேயே சுட்டுப் பொடியாகிவிடும் ஊரில், இது பெரிய குறை. தொட்டியில் வைத்து வளர்ப்பவர்கள் போத்துக் கன்று வாங்கலாம், வேலிக்கு வேண்டாம்.

இந்தப் பண்ணையில் நான் கொடுத்த பணத்துக்கு மிக அதிகமாகத் திரும்பக் கிடைத்தது 30 ரூபாய் விதைப் பொட்டலத்தில்தான், ஏனென்றால் அதோடு ஒரு முழு மதியமும் சேர்ந்து வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பொட்டல் காடுகளிலிருந்து அவருடைய உறவினர் பல வருடங்களுக்கு முன் கொண்டுவந்த விதையில் முளைத்த தாய்ச்செடிகள் பண்ணையின் வடக்கு வரப்பில் நிற்கின்றன. காய் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும், வெடித்துக் காற்றில் போகுமுன் கொத்தோடு பறித்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்து, சுளகில் போட்டுப் புடைக்கிறார். இறகெல்லாம் பறந்துபோக, கடுகைவிடச் சற்றே பெரிய கறுப்பு விதைகள் மிஞ்சுகின்றன. அடுத்த வேலைதான் முக்கியம். விராலி விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே விதைத்தால் பெரும்பாலானவை மண்ணுக்குள் கல்லாகக் கிடக்கும். காட்டில் மாதக்கணக்கான வெயிலும் எப்போதாவது புதரில் பற்றும் தீயும் செய்கிற வேலையை நாம் வெந்நீரால் செய்ய வேண்டும். சூடு பட்டதும் தோலில் ஒரு சிறு இடம் திறந்துகொள்ள, அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது.

அவர் செய்தது இது. விதையைத் துணியில் தளர்வாக முடிந்து ஒரு சட்டியில் வைத்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு நிமிடம்போல் பொறுத்து, விதை மூழ்கும் அளவுக்கு மேல் நான்கு மடங்கு ஊற்றி, அப்படியே மறுநாள் காலைவரை விட்டார். அடுப்பிலேயே வைத்து வேகவிட்டால் விதை அவிந்துபோகும், வெதுவெதுப்பாக ஊற்றினால் தோல் திறக்காது, இரண்டுக்கும் நடுவில்தான் சூட்சுமம் என்றார். காலையில் பருத்திருந்த விதைகளைப் பிரித்தெடுத்து விதைத்துவிட்டு, பருக்காதவற்றுக்கு மட்டும் இன்னொரு முறை வெந்நீர் வைத்தார். பொட்டலத்தின் மேல் இந்த விவரம் ஒரு வரிகூட இல்லை. என்னைப்போல உட்கார்ந்து பார்க்க நேரமில்லாமல் பொட்டலத்தை மட்டும் வாங்கிப் போகிறவர்கள், முளைக்காத விதை என்று பண்ணையைத் திட்டுவார்கள், நியாயமாகவே திட்டுவார்கள்.

வீட்டில் வந்து நான் சோதித்துப் பார்த்தேன். பொட்டலத்தில் 200 விதைக்கு மேல் இருந்தன. 100 விதையை அப்படியே விதைத்தேன், 100 விதைக்கு வெந்நீர் வைத்தேன், இரண்டுக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர். ஒரு மாதத்தில் சும்மா விதைத்ததில் முளைத்தது 9. வெந்நீர் வைத்ததில் 61. பிறகு என் கைவரிசையைக் காட்டினேன்: முளைத்த மகிழ்ச்சியில் காலை மாலை இருவேளையும் தண்ணீர் தெளித்ததில் நாற்றழுகல் வந்து 14 நாற்றுகள் தண்டோரம் கறுத்துச் சாய்ந்தன. மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர் என்று மாற்றிய பின்னர் சாவு நின்றது. நான்கு இலை விட்டதும் தனித்தனிப் பைக்கு மாற்றினேன். தெற்கு எல்லையின் மேடான பகுதியில் இப்போது நிற்பவை பெரும்பாலும் இந்தப் பொட்டலத்தில் பிறந்தவை.

ஆட்டைப் பற்றி எழுத வேண்டும் அல்லவா? 2024 மாசியில் ஒரு கிடை ஆடு என் மேற்கு எல்லையை ஒட்டியே போயிற்று. வேலியின் உள்ளே இருந்த அகத்தியை எட்டிப் பார்த்த வெள்ளாடுகள் முதலில் விராலியில்தான் வாய் வைத்தன. ஒரு கடி, ஒரு மெல்லல், பிறகு தலையை உதறிக்கொண்டு நகர்ந்துவிட்டன. ஏழெட்டுக் கன்றுகளில் நுனி போயிற்று. நான் கிள்ள மறுத்த நுனிகளை ஆடு கிள்ளிக்கொடுத்ததால், உண்மையைச் சொன்னால், எனக்கு லாபம்தான்.

வேறு சில இடங்களில் விராலி என்று கேட்டால் செம்பழுப்பு இலையுள்ள ஒரு ரகத்தைக் காட்டுவார்கள், விலையும் பத்து மடங்கு இருக்கும். பேர் அதேதான், ஆனால் அது நியூசிலாந்திலிருந்து உலகமெங்கும் போன அலங்கார ரகம். அழகில் குறைவில்லை; நம் காட்டுச் செடி வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு அது வேண்டியதில்லை. மதுரைப் பக்கத்துக் கடை ஒன்றில் அதையே நாட்டு விராலி என்று சொல்லி ஒருவர் என் நண்பர் தலையில் கட்டியிருக்கிறார். இந்த அக்காவின் பண்ணையில் அந்தக் கலப்பு இல்லை.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். ஐப்பசி, கார்த்திகை தவிர மற்ற மாதங்களில் விராலி கிடைக்காது, கெஞ்சினாலும் கிடைக்காது. 50 கன்றுக்கு மேல் வேண்டுமானால் ஆடியிலேயே சொல்லி வைக்க வேண்டும், முன்பணம் கேட்பதில்லை. மருமகன் இல்லாத நேரத்தில் கைப்பேசியில் பணம் அனுப்ப முடியாது, ரொக்கமாகக் கொண்டுபோவது நல்லது. தொலைபேசியில் அழைத்தால் பாதி நேரம் எடுப்பதில்லை. ஏற்றிவரச் சாக்கோ தட்டோ நீங்களே கொண்டுபோக வேண்டும். கன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துக் கொண்டுபோக அவர் அனுமதிக்க மாட்டார். நிலத்தின் தாழ்வு, மேடு, கிணற்றுத் தண்ணீரின் ருசி எல்லாம் கேட்பார். ஒளிக்காமல் சொல்லுங்கள், சொல்வதைக் கேளுங்கள்.

வரும் ஐப்பசிக்கு, கிள்ளாமல் விட்ட பாதியின் இடைவெளிகளை அடைக்க, 30 கன்று சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாம் 15 ரூபாய்ப் பையில்.